ஸ்டீரியோ ஸ்லைடு பெட்டி: ஓரம் ஏன் இருட்டாகிறது?

2024 ஜூன் 4

ஒரே காட்சியை இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று எடுத்த ஃபிலிம் ஜோடிதான் ஸ்டீரியோ ஸ்லைடு; இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் ஆழம் தெரியும். அதைப் பற்றிப் பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி, அவர் எழுதியபடியே: "அண்ணே, ரெண்டு லென்ஸ் வைத்து ஸ்டீரியோ ஸ்லைடு பார்க்கிற பெட்டி ஒன்று அட்டையில் செய்தேன். பின்னால் 10 வாட் எல்.இ.டி., அதற்கு முன்னால் டிரேசிங் பேப்பர். நடுவில் கண் கூசுகிறது, மூலையெல்லாம் இருட்டு. 20 வாட் போட்டால் மூலைக்கும் வெளிச்சம் வருமா?"

வராது. நடு இன்னும் கூசும், அவ்வளவுதான்.

டிரேசிங் பேப்பர் ஒளியை முழுக்கச் சிதற அடிக்காது. நிறைய ஒளி கிட்டத்தட்ட நேராகவே தாண்டிப் போய்விடும். அதனால் நீங்கள் பார்ப்பது ஸ்லைடை மட்டுமல்ல, பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எல்.இ.டி.யையும் சேர்த்துத்தான். ஒரு தாளில் கண், லென்ஸ், ஸ்லைடு மூன்றையும் வரையுங்கள். கண்ணிலிருந்து ஸ்லைடின் மூலை வழியாகப் பின்னோக்கி ஒரு கோடு இழுங்கள். அது எல்.இ.டி.யில் போய் முட்டாது, அட்டைச் சுவரில் முட்டும். மூலை இருட்டுக்குக் காரணம் அந்தச் சுவர். வாட் என்ன செய்யும்?

கண்டென்சர் லென்ஸ் ஒன்று போடுங்கள், அதாவது விரிந்து போகும் ஒளியைக் குவித்து அனுப்பும் லென்ஸ். ஸ்லைடுக்கு ஒட்டிப் பின்னால். புரொஜெக்டரில் இருப்பதுபோல.

ஜூன் 5

கண்டென்சர் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். பழைய சாமான் கடையில் செத்துப்போன ஸ்லைடு புரொஜெக்டர் கிடைத்தால் அதற்குள் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தட்டையான இரண்டு பூதக்கண்ணாடிகளை, குவிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால் போதும். 60 மி.மீ. குவியத்தூரமுள்ள இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய 30 மி.மீ. ஆகும்.

ஜூன் 9

சொல்லிவிட்டேனே தவிர, நான் செய்து பார்த்ததில்லை. அதனால் நானும் உட்கார்ந்தேன். இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது என் தொழில். மழை தொடங்கியதும் கரண்ட் முறை வைத்து வருவதால் கடையில் கூட்டம் அதிகம், ஆனாலும் ஞாயிறு என்னுடையது.

கணக்கு இப்படி. என்னிடம் உள்ள பார்வை லென்ஸ்களின் குவியத்தூரம் 44 மி.மீ., ஸ்லைடும் லென்ஸிலிருந்து அதே தூரத்தில். கண் லென்ஸிலிருந்து 15 மி.மீ. தள்ளி நிற்கும் என்று வைத்துக்கொண்டேன். லென்ஸின் குவியத்தூரத்தைவிடக் கிட்டத்தில் கண் இருப்பதால், ஸ்லைடு பக்கமிருந்து பார்த்தால் கண்மணி (ஒளி உள்ளே போகும் கறுப்புத் துளை) இருக்கும் இடத்தில் தெரியாது. லென்ஸுக்கு 22.8 மி.மீ. பின்னால், ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். ஸ்லைடிலிருந்து 66.8 மி.மீ. தூரம். கண்டென்சரின் வேலை எல்.இ.டி.யின் பிம்பத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. 30 மி.மீ. கண்டென்சருக்கு எல்.இ.டி. 54.5 மி.மீ. பின்னால் இருக்கவேண்டும்.

ஸ்லைடுக்கு வெளிச்சம் போடுவது நோக்கமே இல்லை. ஸ்லைடு வழியாக வரும் ஒளி கண்மணிக்குள் போகவேண்டும், மற்றதெல்லாம் வீண். இதை எழுதும்போது ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்ததுபோல இருந்தது. புரொஜெக்டர் செய்தவர்கள் சிரிப்பார்கள்.

ஜூன் 10

செய்தாயிற்று. ஒரே ஒரு வாட் எல்.இ.டி., முன்னால் 5 மி.மீ. ஓட்டை, அதில் தேய்த்த கண்ணாடித் துண்டு. வெளிச்சம் பிரமாதம். மூலை வரைக்கும் ஒரே சீர். தம்பி, கண்டென்சர்தான்.

ஜூன் 16

மேலே "கண்டென்சர்தான்" என்று எழுதியதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்லைடு பற்றி. என் பெரியப்பா கப்பலில் எலக்ட்ரீஷியன். 1958-இல் சிங்கப்பூரில் ஒரு ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமரா வாங்கினார். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து டேவிட் வைட் கம்பெனி 1947-இலிருந்து விற்ற கேமரா அது. 35 மி.மீ. ஃபிலிமில் பக்கத்துக்கு ஐந்து துளை அளவில் ஒரு படம், இடதும் வலதும் சேர்த்து ஒரு ஜோடி. ஜோடியை 101 மி.மீ. நீளமும் 41 மி.மீ. உயரமும் உள்ள அட்டையில் போடுவார்கள். பெரியப்பா 1964-இல் மெட்ராஸுக்குக் கப்பலேறினார். அந்த வருடம் ரங்கூனிலிருந்து போனவர்களுக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்பதே பெரும்பாடு. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் அந்த மே மாதம்தான். கேமரா என்ன ஆனது என்று தெரியாது. ஸ்லைடுகள் ஒரு பிஸ்கட் டின்னில் ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியத்தில் அத்தை வீட்டுப் பரணில் இருந்தன. அறுபத்தோரு ஜோடி, எல்லாம் கோடாக்குரோம், கோடாக் கம்பெனியின் கலர் ஸ்லைடு ஃபிலிம்.

முதல் ஸ்லைடைப் போட்டேன். ரங்கூனின் சூலே பகோடா, முன்னால் சைக்கிள் ரிக்‌ஷா. நடுவைப் பார்த்தால் மூலை வரைக்கும் வெளிச்சம் இருப்பது ஓரக்கண்ணுக்குத் தெரிகிறது. சரி, மூலையில் அந்தக் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணைத் திருப்பினால் மூலை அணைந்துவிடுகிறது! நடுவுக்குத் திரும்பினால் மூலை மறுபடி எரிகிறது. பேய் பிடித்த பெட்டி.

ஜூன் 17, இரவு

கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியில் எழுதியதை இப்போது தட்டுகிறேன்.

பேய் கண்ணில்தான் இருக்கிறது. கண் திரும்பும்போது கண்மணி நின்ற இடத்தில் நிற்பதில்லை. அது கண் சுழலும் மையத்துக்குச் சுமார் 10 மி.மீ. முன்னால் இருக்கிறது. ஸ்லைடின் பாதி அகலம் சுமார் 12 மி.மீ. 44 மி.மீ. லென்ஸில் அது 15 டிகிரி. கண் 15 டிகிரி திரும்பினால் கண்மணி 2.6 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும். என் 5 மி.மீ. ஓட்டையின் பிம்பம் கண்ணிடத்தில் எவ்வளவு? கண்டென்சர் 1.226 மடங்கு பெரிதாக்கும், பார்வை லென்ஸ் 1.52 மடங்கு சுருக்கும்: 5 × 1.226 ÷ 1.52, அதாவது 4 மி.மீ. கண்மணியே 3 மி.மீ. அப்படியானால் அரை மி.மீ. நகர்ந்தாலே ஒளி ஓரம் கட்டத் தொடங்கும். 2.6 நகர்ந்தால் ஒளியில் பெரும்பகுதியைத் தவறவிடும்.

இன்னொன்று, ஆளுக்கு ஆள் இரு கண்மணிக்கும் இடையே உள்ள தூரம் மாறும். பெரியவர்களில் பெரும்பாலும் 55-இலிருந்து 70 மி.மீ.க்குள். என் பெட்டியில் லென்ஸ்கள் 63-இல் நகராமல் இருக்கின்றன. ஒரு கண்ணுக்கு 4 மி.மீ. வரை பிழை வரலாம். கண்மணியின் பாதி, கண் திரும்புவது, ஆளுக்கு ஆள் வித்தியாசம் எல்லாம் கூட்டினால் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை ஒளி இருக்கவேண்டும். 16 மி.மீ. விட்டமுள்ள ஒளி வட்டம். அதற்கு எல்.இ.டி. பக்கத்தில் வேண்டியது 20 மி.மீ. விட்டமுள்ள, சீராக எரிகிற வட்டம்.

20 மி.மீ. வட்டத்தைச் சீராக எரியவைக்க முடியும் என்றால், 30 மி.மீ. சதுரத்தை எரியவைப்பது என்ன கஷ்டம்? பிறகு கண்டென்சர் எதற்கு? கண்டென்சர் எதையும் மூலத்தைவிடப் பிரகாசமாகக் காட்டாது. அது செய்வது மிச்சம் பிடிப்பது மட்டும். கணக்குப் போட்டால் மூன்று மடங்கு மிச்சம். மூன்று மடங்குக்காகக் கண்ணை ஆணி அடித்து நிறுத்தவேண்டுமா?

ஜூன் 5-இல் நான் சொன்னதை நம்பித் தம்பி லென்ஸ் தேடி அலைந்திருந்தால் மன்னிக்கவும்.

ஜூன் 18

அலைந்திருக்கிறார். இரண்டு வாங்கியும்விட்டார். "பரவாயில்லை அண்ணே, அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க ஆகும்" என்கிறார்.

ஜூன் 19

கண்டென்சருக்கு எதிராக இன்னொரு சாட்சி: பூசணம். ரங்கூன் மழையில் அறுபது வருடம் பரணில் இருந்த ஃபிலிமில் பூசணம் இல்லாமலா இருக்கும்? கண்டென்சர் ஒளி ஒரே திசையிலிருந்து குறுகி வருவதால், ஒவ்வொரு கீறலும் பூசண இழையும் தன்மேல் பட்ட ஒளியைக் கண்மணிக்கு வெளியே தள்ளி, தான் கறுப்பாகத் தெரிகிறது. வானத்தில் சிலந்தி வலை. அதே ஸ்லைடை ஜன்னல் பக்கம் பிடித்து, இடையில் ஒரு பால் அக்ரிலிக் (பால்வெள்ளைப் பிளாஸ்டிக்) துண்டு வைத்துப் பார்த்தேன். இழைகளில் பாதி காணவில்லை. கீறல் ஒரு கதிரை வெளியே தள்ளினால், எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வருவதால் வேறொரு கதிர் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டீரியோ படம் பார்த்த பிரூஸ்டர் வகைப் பெட்டிகளிலேயே கண்ணாடிப் படம் பார்க்கப் பின்னால் தேய்த்த கண்ணாடிதான் இருந்தது. வானத்தைப் பார்த்துப் பிடிப்பார்கள். அவர்களுக்கு இரண்டு வாரம் வீணாகவில்லை.

ஜூன் 29

எவ்வளவு ஒளி வேண்டும்? 10 வாட், 20 வாட் என்ற பேச்சு இன்றோடு முடியட்டும்.

ஸ்லைடு பார்க்கும் விளக்குப் பலகைக்கு அச்சுத் தொழிலில் ஒரு அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 3664 என்ற சர்வதேசத் தரத்தின்படி பிரகாசம் சதுர மீட்டருக்கு 1270 கேண்டெலா. சுமார் 1300 என்று வைப்போம். ஒரு கண்ணுக்கு எரியவேண்டிய பரப்பு 32 × 30 மி.மீ. என்றால் (இந்த எண்ணைப் பிற்பாடு திருத்திப் போட்டேன், எங்கிருந்து வந்தது என்று கீழே ஜூலை 8-இல்) ஒரு கண்ணுக்கு வேண்டிய மொத்த ஒளி 4 லூமென்கூட இல்லை. இரண்டுக்கும் 8. பால் அக்ரிலிக் பாதியைத் தின்னும், பெட்டிக்குள் இன்னொரு பாதி தொலையும் என்று தாராளமாக விட்டாலும் 32 லூமென். இப்போதைய எல்.இ.டி.க்கு அரை வாட்டுக்கும் குறைவு.

அரை வாட்! பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த ஒரு 18650 செல்லில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க எரியும். கரண்ட் போனால் வீட்டில் வேலை செய்யும் ஒரே பொழுதுபோக்கு இதுதான்.

தம்பியின் 10 வாட்டில் ஸ்லைடு அட்டை நெளிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோகஸ் மாறியதாம். மாறாமல் என்ன செய்யும்? கோடாக்குரோம் இருட்டில் வைத்தால் நிறம் மங்காமல் பல காலம் நிற்கும். பலத்த வெளிச்சத்தில் அந்த அளவுக்குத் தாங்காது. அதைக் குளிர்ந்த, குறைந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

ஜூலை 7

பால் அக்ரிலிக்கை ஸ்லைடுக்கு எவ்வளவு பின்னால் வைப்பது?

ஒட்டி வைத்தேன். அக்ரிலிக் மேல் இருந்த தூசி, என் கைரேகை, வெட்டும்போது விழுந்த கீறல் எல்லாம் சூலே பகோடா மேல் தெளிவாக உட்கார்ந்தன. லென்ஸ் கிட்டத்தட்ட ஆறு மடங்கு பெரிதாக்குகிறது, அது பகோடா, தூசி என்று பேதம் பார்ப்பதில்லை.

பின்னால் தள்ளத் தள்ளத் தூசி மங்கும். எவ்வளவு மங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: கண்மணி விட்டம் × தள்ளிய தூரம் ÷ குவியத்தூரம். 3 மி.மீ. கண்மணி, 10 மி.மீ. தள்ளினால், 30 ÷ 44, சுமார் 0.7 மி.மீ. அதைவிடச் சிறிய தூசியெல்லாம் கரைந்துவிடும். 20 மி.மீ. தள்ளினால் 1.4. நான் 20 வைத்தேன்.

அக்ரிலிக்கை ஏறக்குறைய ஸ்லைடு ஜன்னல் அளவுக்கே, ஒரு கண்ணுக்கு 24 மி.மீ. அகலம், வெட்டினேன்.

ஜூலை 8

முட்டாள்தனம். நேற்று 24 மி.மீ. வெட்டினேன் என்று எழுதிய கையோடு போட்டுப் பார்த்தால் ஓரம் இருட்டு. தம்பியின் கேள்வி மறுபடி முதலிலிருந்து! ஜூன் 4-இல் "கோடு இழுத்துப் பாருங்கள்" என்று அவருக்குப் பாடம் சொன்னவன் தான் கோடு இழுக்கவில்லை.

ஸ்லைடு பக்கமிருந்து பார்த்தால் கண்மணி 66.8 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, இல்லையா? அங்கிருந்து ஸ்லைடின் ஓரம் வழியாகப் போகும் கோடு விரிந்துகொண்டே போகும். 12 மி.மீ. ஓரத்தைத் தாண்டி 20 மி.மீ. போவதற்குள் 3.6 மி.மீ. கூடிவிடும். கண்மணி ஒரு புள்ளி அல்ல என்பதால் இன்னும் முக்கால் மி.மீ. ஆக ஒரு பக்கத்துக்கு 16 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அகலம் 32, அதுவும் இறுக்கமான அளவு. அந்த 32 இங்கிருந்து வந்ததுதான். கண் ஓடியாடுவதையும் சேர்த்தால் 36 வைத்தால் நிம்மதி.

இரண்டு ஜன்னலின் மையங்களுக்கும் இடையே 62 மி.மீ. இருக்கிறது. எனவே 36, 36 வைத்தாலும் நடுவில் 26 மி.மீ. மிச்சம். ஒன்றையொன்று இடிக்காது. ஒரே நீள அக்ரிலிக் துண்டாகப் போட்டுவிடலாம். ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் இடையில் மட்டும் நடுத்தட்டி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் இடக்கண் வலப்படத்தின் ஓரத்தை எட்டிப் பார்க்கும்.

கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் இன்னும் பின்னால் நிற்கும். அப்போது கோடுகள் குறைவாக விரியும். அவர்களுக்கு இந்த அளவு தாராளம்.

ஜூலை 14

ரங்கூன் லத்தா பேட்டைப் பக்கம் கைப்பேசி பழுது பார்க்கும் பையன் ஒருவன் உடைந்த திரைகளை மூட்டையாக வைத்திருந்தான். ஐந்தரை அங்குலத் திரையின் பின்விளக்குத் தட்டு ஒன்று கேட்டு வாங்கினேன். பிரித்தால் உள்ளே ஒரு பாடமே இருக்கிறது. அடியில் வெள்ளைப் பிரதிபலிப்புத் தாள், அதன்மேல் ஓரத்திலிருந்து வரும் ஒளியைப் பரப்பும் மெல்லிய தட்டு, அதன்மேல் ஒளியைச் சிதறவைக்கும் டிஃப்யூசர் தாள், அதற்கும் மேலே இரண்டு பிரிசம் தாள்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக. பிரிசம் தாளின் வேலை சாய்ந்து வெளியே போகும் ஒளியைத் திருப்பி உள்ளே அனுப்பி, நேராக வரக்கூடியதை மட்டும் விடுவது. நமக்கும் அதுதானே வேண்டும்? நம் கண்ணுக்கு வேண்டிய கோடுகள் சுமார் பதினைந்து டிகிரிக்கு மேல் சாய்வதில்லை.

தட்டு 94 மி.மீ.க்கும் நீளம். ஒரே தட்டு இரண்டு கண்ணுக்கும் போதும். சீரான ஒளி, பின்னால் ஆழமான பெட்டி வேண்டாம், எல்லாம் சப்பையாக அடங்கிவிடும். மூன்று நாள் இதைவிடச் சிறந்த யோசனை உலகத்தில் இல்லை என்று திரிந்தேன்.

எல்.இ.டி.கள் வரிசையாகத் தொடரில் இருக்கும், ஒரு செல்லில் எரியாது. ஆறு இருந்தால் 18 வோல்ட் வேண்டும். வோல்ட்டைக் கூட்டும் சின்ன ஸ்டெப்-அப் போர்டு போட்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டினேன்.

ஜூலை 17

நீலம். எல்லாம் நீலம். பெரியப்பா எடுத்த கல்யாணப் படத்தில் அத்தையின் கூறைப்புடவை அரக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் பெட்டியில் அது பழுப்பு.

ஜூலை 21

நிறத்தில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளை நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்று, ஒளி நீலச் சாயலா மஞ்சள் சாயலா என்பது. கைப்பேசித் திரையில் எல்.இ.டி.யைக் குளிர்ந்த நீல வெள்ளையாகத்தான் வைக்கிறார்கள், மேலே உள்ள நிற வடிகட்டிகள் அதைச் சரிக்கட்டும் என்று. இதை ஓரளவு கண்ணே பழகிக்கொள்ளும். பெட்டிக்குள் வேறு வெளிச்சம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் வெள்ளை வெள்ளையாகிவிடும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் விளக்கின்மேல் ஒட்டும் வெளிர் ஆரஞ்சுத் தாளை வைத்தாலும் தீரும்.

இரண்டாவது, ஒளியில் சில நிறங்கள் குறைவாகவே இருப்பது. வெள்ளை எல்.இ.டி. என்பது 450 நானோமீட்டர் பக்கத்து நீலச் சில்லும் அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பரும். மலிவானதில் 480 பக்கம் ஒரு பள்ளம், அடர் சிவப்பில் பஞ்சம். இல்லாத சிவப்பைக் கண் எங்கிருந்து பழகிக்கொள்ளும்? அரக்கு பழுப்பானது இதனால்தான். ஆரஞ்சுத் தாள் இருப்பதைக் குறைக்கும், இல்லாததைச் சேர்க்காது.

பழைய பெட்டிகளின் டார்ச் பல்பு மஞ்சளாக எரிந்தாலும் சிவப்பில் அதற்குப் பஞ்சமே கிடையாது. பேட்டரி இறங்க இறங்க இன்னும் மஞ்சளாகும், அது வேறு கஷ்டம்.

ஆகவே பின்விளக்குத் தட்டைப் பிரித்துப் பிரிசம் தாளை மட்டும் வைத்துக்கொண்டேன். நிறக் குறியீட்டெண் (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று நூற்றுக்குப் போடும் மதிப்பெண்) 95-க்கு மேல் என்று போட்ட 4000 கெல்வின் எல்.இ.டி. நாடா ஒரு முழம் வாங்கி, வெள்ளைப் பெட்டிக்குள் பக்கச் சுவர்களில் ஒட்டினேன். எல்.இ.டி. நேராக அக்ரிலிக்கைப் பார்க்கக்கூடாது. எதிர்ச் சுவரைப் பார்க்கவேண்டும். ஒளி நாலு சுவரில் முட்டி மோதி, எங்கிருந்து வந்தோம் என்பதை மறந்துவிட்டு வெளியே வரவேண்டும்.

புடவை அரக்காகிவிட்டது.

ஜூலை 22

நாடா பற்றி ஒரு எச்சரிக்கை. 12 வோல்ட் நாடாவில் மூன்று எல்.இ.டி.யும் ஒரு ரெசிஸ்டரும் தொடரில் இருக்கும். ஒரு செல்லை நேரடியாகக் கொடுத்தால் எரியாது. 5 வோல்ட் நாடா கேளுங்கள், அல்லது மூன்று செல் தொடரில் போடுங்கள்.

ஜூலை 28

பெட்டிக்குள் என்ன பெயின்ட் என்று பலர் கேட்கிறார்கள். ஸ்லைடுக்குப் பின்னால் வெள்ளை, பளபளப்பில்லாத சாதாரணச் சுவர் பெயின்ட், இரண்டு கோட். ஸ்லைடுக்கு முன்னால், லென்ஸ் வரைக்கும், பளபளப்பில்லாத கறுப்பு. நான் முதல் பெட்டியில் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் வெள்ளையாக அடித்துவிட்டு, இரவுப் படங்கள் ஏன் சாம்பல் பூத்ததுபோல இருக்கின்றன என்று இரண்டு நாள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோடாக்குரோமின் கறுப்பு மிக ஆழம். அடர்த்தி 3.5 அளவில், அதாவது ஒளியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் வெளியே வரும். லென்ஸ் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் சிறு ஒளி போதும், அந்தக் கறுப்பைக் கழுவிவிட.

பெகுவிலிருந்து ஒரு அக்கா, "வெள்ளைக்குத் தனக்கா (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டை விழுது) பூசலாமே, வீட்டில் நிறைய இருக்கிறது" என்கிறார். அக்கா, தனக்கா மஞ்சள். பெட்டி மணக்கும், படத்தில் எல்லாருக்கும் காமாலை வரும்.

ஆகஸ்ட் 4

இடதும் வலதும் சமமாக இருக்கவேண்டும். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

தம்பி இப்போது கண்ணுக்கு ஒரு பெட்டியாக இரண்டு செய்திருக்கிறார். இடது பக்கம் கொஞ்சம் மங்கல், நிறமும் லேசாக வேறு. "படம் ஆழமாகத் தெரிகிறது, ஆனால் தண்ணீரும் இலையும் மினுமினுவென்று ஆடுகிறது, தலை வலிக்கிறது" என்கிறார். ஒரே இடம் ஒரு கண்ணுக்கு வெளிச்சமாகவும் மறு கண்ணுக்கு மங்கலாகவும் தெரிந்தால் மூளைக்கு எதை நம்புவது என்று தெரியாது. அதைப் பளபளப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஒரே எல்.இ.டி. வரிசை, ஒரே வெள்ளை அறை, ஒரே அக்ரிலிக் துண்டு. இரண்டு கண்ணும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடட்டும்.

அசையும் பொருளாக இருந்தால் விளைவே வேறு. ஒரு கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஆடும் ஊசலைப் பார்த்தால் அது வட்டமாகச் சுற்றுவதுபோலத் தெரியும். மங்கலாகத் தெரியும் கண்ணின் செய்தி மூளைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகிறது. இதை விளக்கியவர் ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் புல்ஃபிரிக், 1922-இல். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தான் விளக்கியதைத் தானே பார்க்க முடியாத மனிதர்.

இதை வைத்து அரை மணி நேரம் கயிற்றில் பூண்டு கட்டி ஆட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் சமையல் தாமதம்.

ஆகஸ்ட் 11

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நாடாவோடு வரும் மலிவு டிம்மர் வேண்டாம். அது எல்.இ.டி.யை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. கண்ணை வேகமாக நகர்த்தினால் பளிச்சென்ற இடங்கள் முத்துமாலைபோல உடைந்து தெரியும். மின்னோட்டத்தையே கூட்டிக் குறைக்கும் சுற்று போடுங்கள். செல்லுக்கும் நாடாவுக்கும் இடையில் ஒரு மாறும் ரெசிஸ்டர் போட்டால்கூடச் சரி. அரை வாட்டில் என்ன பெரிய நஷ்டம்?

குறைக்க முடிவது அவசியம். கடற்கரைப் படம் ஒன்றுக்குப் போதுமான வெளிச்சம் கோயில் உள்பிராகாரத்துப் படத்துக்கு மூன்று மடங்கு வேண்டியிருக்கிறது. ஜூன் 29-இல் நான் சொன்ன 1300 நல்ல ஸ்லைடுக்கு. பெரியப்பா உள்ளே எடுத்ததெல்லாம் இருட்டு. அவற்றுக்கு 3000-ஐத் தாண்டினேன். அப்போதும் ஒரு வாட்தான்.

ஆகஸ்ட் 18

இப்போதைக்கு நிற்கும் அளவுகள், கேட்டவர்களுக்காக: வெள்ளை அறை 40 மி.மீ. ஆழம், நாடா மேல் கீழ்ச் சுவர்களில். 3 மி.மீ. பால் அக்ரிலிக், 98 × 36. அதன்மேல் ஒரே ஒரு பிரிசம் தாள். அங்கிருந்து 20 மி.மீ. தள்ளி ஸ்லைடு. பிறகு கறுப்பு அறை, நடுத்தட்டி, 44 மி.மீ. லென்ஸ்.

இரண்டு பிரிசம் தாள் போட்டால் நடு இன்னும் பளிச்சென்று இருக்கும். ஆனால் கண் பக்கவாட்டில் போனால் மங்கல் தெரிந்தது. ஒன்றே போதும்.

கேமராவின் லென்ஸ் 35 மி.மீ., பார்வை லென்ஸும் 35 ஆக இருந்தால்தானே ஆழம் உள்ளபடி தெரியும் என்று ஒருவர் கேட்கிறார். உண்மைதான். 44-இல் ஆழம் கொஞ்சம் நீண்டு தெரியும். ஆனால் 35-க்குப் போனால் கண் இன்னும் அதிகம் சுழலும், ஒளி இன்னும் அகலமாக வேண்டும். நான் 44-இலேயே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 25

சிரியத்துக்குப் பெட்டியை எடுத்துப் போனேன். அத்தைக்கு எண்பத்தாறு. அரக்குப் புடவைப் படத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

"ஏண்டா, இது மினுமினுக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது வலது இரண்டையும் மீட்டரில் அளந்து வைத்திருக்கிறேன். ஒரே அறை, ஒரே அக்ரிலிக். நான் பார்க்கிறேன், மினுமினுப்பு இல்லை. மதினி பார்க்கிறார், இல்லை. அத்தை பார்த்தால் மட்டும் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அத்தைக்குப் போன வருடம் வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். இடக்கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. வலது பளிச்சென்று, கொஞ்சம் நீலமாக. இடது மங்கி, மஞ்சளாக. பெட்டி சமமாகத்தான் கொடுக்கிறது, வாங்கும் கண்கள் சமமாக இல்லை. ஆகஸ்ட் 4-இல் அவ்வளவு அடித்துச் சொன்ன விதி இங்கே தலைகீழ்.

மதினியின் தையல் பெட்டியிலிருந்து பட்டர் பேப்பர் வாங்கி, வலப்பக்க அக்ரிலிக்குக்குப் பின்னால் ஒரு துண்டு செருகினேன். "இன்னும் ஆடுது." இரண்டு. "கொஞ்சம்." தையலில் மிஞ்சிய வெளிர் மஞ்சள் துணி ஒன்றையும் சேர்த்தேன். மூன்றாவது துண்டில் அத்தை பேசுவதை நிறுத்திவிட்டார். அப்புறம், புடவையைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ ஒன்றுமில்லை, "பின்னால நிக்கிறது யாரு, செவத்தோட ஒட்டி?" என்று கேட்டார். தட்டையாகப் பார்த்தால் அங்கே சுவர் மட்டும்தான் தெரியும். நான் பார்த்தேன். சுவருக்கு முன்னால் ஒரு கை தள்ளி, நிழலில், ஒரு சிறுமி நிற்கிறாள்.

யார் என்று இருவருக்கும் தெரியவில்லை. மற்ற அறுபதையும் அடுத்த ஞாயிறு எடுத்துப் போகிறேன். பட்டர் பேப்பர் துண்டுகள் வலப்பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பி, உங்கள் வீட்டில் பெரியவர்கள் பார்ப்பதாக இருந்தால் அக்ரிலிக்குக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு பள்ளம் விட்டுப் பெட்டியை ஒட்டுங்கள். நான் விடவில்லை. அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கத்தியால் பிரிக்கவேண்டியதாயிற்று.